கேபினட் ஷாக் ஒருவழியாக நின்றது: முப்பதாயிரம் ரூபாய் பிசி, பாதிக் கிணறு தாண்டிய நிலவரம்

சிஸ்டம் பூட் ஆகிவிட்டது. ரைசன் 5 5600ஜி பிராசஸர், ஏ520 மதர்போர்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, மானிட்டர் மட்டும் பழசு. ராம் விலை ஏறிக் கிடப்பதால் அது செகண்ட்ஹேண்ட். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, பிராசஸருக்குள் இருக்கும் வேகா கிராபிக்ஸுக்கு ட்யூயல் சேனல் (இரண்டு ராம் ஜோடியாக ஓடுவது) வேண்டும் என்று எட்டு ஜிபி ராம் இரண்டாகப் போட்டேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. நான் புலம்ப வந்தது எர்த் பற்றி.

வீடு தஞ்சாவூர் பாபநாசம் பக்கம், ஓட்டு வீடு, ஒயரிங் தாத்தா காலத்தது. பென்டிரைவ் செருகப் போனால் விரலில் சுள்ளென்கிறது. பின்பக்க ஸ்க்ரூவில் டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது. கொல்லை அடிபம்பு வரைக்கும் ஒரு நீள ஒயரை இழுத்து, அதற்கும் கேபினட்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். 108 வோல்ட்!

"எஸ்எம்பிஎஸ் போச்சு தம்பி, மாத்திடுங்க" என்றார் கடைக்காரர், பிசியின் பவர் சப்ளையைச் சொல்கிறார். போகவே இல்லை. எஸ்எம்பிஎஸ் வாசலில் இருக்கும் ஃபில்டரில் பேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் கேபினட்டோடு சேர்ந்திருக்கும். எர்த் இருந்தால் கசிவு அதன் வழியே போய்விடும். இல்லாவிட்டால் 230-இல் பாதி கேபினட்டில் வந்து உட்காரும். பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால் எர்த்துக்கான மேல் பின்னில் ஒயரே இல்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்ன வைத்தியம் அதைவிட மோசம்: "நியூட்ரல்லேருந்து ஒரு துண்டு எடுத்து மேல் பின்ல கட்டிடலாம் தம்பி, அஞ்சு நிமிஷ வேலை." வேண்டவே வேண்டாம் என்றேன். எங்காவது நியூட்ரல் அறுந்தால் முழு 230-உம் கேபினட்டுக்கு வரும். இப்போது சுள்ளென்பது அப்போது ஆளையே தூக்கிவிடும். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

கடைசியில் கொல்லையில் குழி. இரண்டரை மீட்டர் ஜிஐ பைப், சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி. நம் களிமண் ஈரமாக இருக்கும்வரை எர்த்துக்கு அருமையான மண். சித்திரை வந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதனால் குளிக்கிற தண்ணீர் வாழைக்குப் பாயும் ஓரமாகத் தோண்டச் சொன்னேன். அங்கிருந்து பச்சை ஒயர் நேராக மெயின் போர்டுக்கு.

பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் 230 காட்டியதும் எர்த் சரி என்று நம்பிவிடாதீர்கள். ஒயர் மண்ணில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் காட்டும். நூறு வாட் குண்டு பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே எலக்ட்ரீஷியனை விட்டுப் போட்டுப் பாருங்கள். முழு வெளிச்சம் வந்தால்தான் எர்த். எங்கள் வீட்டில் பளிச்சென்று எரிந்தது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இப்போது 2 வோல்ட்தான். கேபினட்டைக் கட்டிப் பிடித்தாலும் ஒன்றுமில்லை.

பார்ட்ஸ் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நண்பன் வாங்கி ஆம்னி பஸ் பார்சலில் போட்டுவிட்டான். திருச்சியில் விசாரித்த விலைக்கு பஸ் கூலி சேர்த்தும் லாபம்தான், ஆனால் வாரன்டி என்றால் சென்னைக்கு அலைய வேண்டும். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் தொடாதீர்கள். நான் காசைக் கொட்டிய ஒரே இடம் அதுதான்.

அடுத்தது 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். இந்தப் பழைய ஒயரிங்கில் மாட்டினால் மழைக்கு மழை ட்ரிப் ஆகும் என்று அண்ணன் பயமுறுத்துகிறார். ட்ரிப் ஆகட்டும், லைன் எங்கோ ஒழுகுகிறது என்றாவது தெரியும். பம்புசெட்டெல்லாம் ஒன்றாக ஓடும் நேரத்தில் வோல்டேஜ் படுத்துவிடுகிறது, ஆகவே யுபிஎஸ்ஸும் லிஸ்டில் இருக்கிறது. கேபிள் கட்டும் வேலை அப்படியே கிடக்கிறது. முன்பக்க ஃபேனுக்கு கொசுவலை வெட்டி ஒட்ட வேண்டும். மாசியில் தாளடி அறுவடை மிஷின் இறங்கினால் தெருவே தூசி.