வாய்க்கு வாய் தண்ணி குடிச்சிட்டு இருந்தேன்

போன ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கெழம, அம்மா வீட்ல அரிசிம்பருப்பு சாதம். நாலு வாய்தான் சாப்பிட்டிருப்பேன், அம்மா கேட்டாங்க, "ஏன் கண்ணு, வாய்க்கு வாய் தண்ணி குடிக்கிற, தொண்ட அடைக்குதா?" இல்லம்மா சும்மாதான்னு சொல்லிட்டு சொம்ப பாத்தா பாதிக்கு மேல காலி. அப்பதான் எனக்கே ஒறச்சுது. ஆறேழு மாசமா நான் இப்படித்தான் சாப்பிட்டுட்டு இருக்கேன். சப்பாத்திய விட்டு ரொம்ப நாளாச்சு, பரோட்டா பக்கமே போறதில்ல, கறி எடுத்தா கொழம்பு மட்டும் ஊத்திக்குவேன், யாராச்சும் கேட்டா இப்பெல்லாம் பிடிக்கிறதில்லன்னு சொல்லுவேன். பிடிக்காம இல்லைங்க, நெஞ்சுக்கு நடுவுல போய் நின்னுக்கும், தண்ணி ஊத்துனாதான் எறங்கும்.

நெஞ்செரிச்சல் எனக்கு எட்டு வருசமா இருக்குது. திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் வேல, ஷிப்மெண்ட் நேரத்துல ஒன்றரை ஷிப்ட் ஓடும், ராத்திரி எட்டரைக்கு விட்டு வீட்டுக்கு வந்து சமைச்சு சாப்பிட பத்து மணி ஆயிரும், பத்தரைக்கு படுத்துருவேன். நடுராத்திரி புளிச்ச தண்ணி தொண்ட வரைக்கும் எதுக்களிச்சு வந்து முழிப்பு வந்துரும், எந்திரிச்சு உக்காந்துக்குவேன். காலைல தொண்ட கரகரப்பு, வறட்டு இருமல். இதுக்கு மெடிக்கல்ல போய் "அல்சர் மாத்திர குடுங்கண்ணா"ன்னு கேட்டா அட்டையோட குடுத்துருவாங்க. நானும் எரியறப்ப ஒண்ணு போட்டுக்குவேன், மிச்ச நேரத்துக்கு ஜெலுசில். இது போக கழுத்து வலிக்கு வேற வலி மாத்திர, அதையும் வாரத்துல நாலு நாள் போட்டுட்டு இருந்தேன், ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு தோணவே இல்ல.

அம்மா கேட்ட மறுவாரம்தான் வயிறு டாக்டர்கிட்ட போனேன். அவர் மொதல்ல கேட்டது எரிச்சல பத்தி இல்ல. "முழுங்கறப்ப அடைக்குதா, சாதமா தண்ணியா, எத்தன மாசமா, எட கொறஞ்சிருக்கா"ன்னு கேட்டார். அஞ்சு கிலோ கொறஞ்சிருந்துச்சு, நான் அத வேல அலைச்சல்னு நெனச்சிருந்தேன். உடனே எண்டோஸ்கோப்பி எழுதிட்டார், வாய் வழியா கேமரா வெச்ச குழாய விட்டு உள்ள பாக்கறது.

எண்டோஸ்கோப்பிக்கு பயந்துட்டு நெறைய பேர் போகாம இருக்காங்க, அதனால அத கொஞ்சம் சொல்றேன். முந்தின ராத்திரிக்கு அப்புறம் ஒண்ணும் சாப்பிடக்கூடாது. தொண்டைல ஒரு ஸ்ப்ரே அடிச்சாங்க, கசப்பு, ரெண்டு நிமிசத்துல நாக்கு மரத்துப்போய் எச்சி முழுங்கறதே தெரியல. இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்க வெச்சு, பல்லுக்கு நடுவுல பிளாஸ்டிக் வளையம் மாதிரி ஒண்ணு கடிக்க குடுத்தாங்க. குழாய் உள்ள போறப்ப ஓங்கரிச்சுட்டு வந்துச்சு, கண்ல தண்ணி ஊத்துச்சு, நர்ஸ் அக்கா "மூக்குல மூச்சு விடும்மா, மூக்குல விடு"ன்னு என் கைய பிடிச்சுட்டே இருந்தாங்க. பத்து நிமிசம் கூட ஆகல. வலின்னு ஒண்ணும் இல்ல.

உணவுக்குழாய் முடியற எடத்துல ஒரு வால்வு மாதிரி தசை இருக்குது, சாப்பாடு எறங்குனதும் இறுக்கி மூடிக்கணும். எனக்கு அது லூசாயிருச்சு, வயித்தோட மேல்பகுதி கொஞ்சம் நெஞ்சு பக்கம் ஏறியிருக்குது, அதுக்கு ஹயாட்டஸ் ஹெர்னியான்னு பேராம். வருசக்கணக்கா ஆசிட் மேல வந்து வந்து புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, வடு விழுந்து குழாயே சுருங்கியிருந்துச்சு. சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புனாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் சரியா தூங்கல. கேன்சர் இல்லன்னு வந்துச்சு. அப்புறம் பலூன் வெச்சு அந்த சுருக்கத்த விரிச்சு விட்டாங்க.

மாத்திரையும் நான் தப்பாத்தான் போட்டிருக்கேன். பேண்டோப்ரசோல், ஒமெப்ரசோல் வகையெல்லாம் வயித்துல ஆசிட் சொரக்கற பம்ப நிறுத்தறது, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போட்டாத்தான் சரியா வேல செய்யும். எரியறப்ப போடறதுக்கு அது தண்ணி ஊத்தி அணைக்கற மாதிரி இல்ல. ரொம்ப நாள் போட்டுட்டு திடீர்னு நிறுத்துனா ஆசிட் முன்னவிட அதிகமா சொரந்து எரிச்சல் கூடலாம், அதனால நிறுத்தறதுன்னாலும் டாக்டர்கிட்ட கேட்டுதான். வலி மாத்திரைய உடனே விட சொல்லிட்டார், அது வயித்து ஒறையையே அரிக்கும். கட்டிலுக்கு தலமாட்டு பக்கம் ரெண்டு கால்லயும் செங்கல் வெச்சு அரை அடி ஒசத்தியிருக்கேன், ரெண்டு தலகாணி வெச்சா பத்தாது, வயிறு மடங்கி இன்னும் அழுத்தும். இடது பக்கமா படுக்கறேன். ராத்திரி சாப்பாட்ட டிபன் பாக்ஸ்ல கொண்டு போய் ஏழு மணி டீ பிரேக்ல கம்பெனிலயே முடிச்சுக்கறேன், எனக்கு இதுதான் எல்லாத்தவிட பெரிய மாத்தம்.

வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல எரிஞ்சாலோ, ரெண்டு வாரம் மாத்திர போட்டும் அடங்கலன்னாலோ போய் காட்டிருங்க. முழுங்கறப்ப அடைச்சா, எட கொறஞ்சா தள்ளிப் போடாதீங்க, ரெண்டு நாள்ல போங்க. தார் மாதிரி கருப்பா வெளிக்கி போனாலோ, ரத்தமா இல்ல காப்பித்தூள் மாதிரி வாந்தி வந்தாலோ அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரி.

இன்னொண்ணு, இத எழுதறப்ப கை நடுங்குது. எங்க பெரியப்பா ஒரு ராத்திரி நெஞ்சு அழுத்துது, கேஸ்தான்னு சொல்லி சோடா வாங்கிட்டு வர சொன்னார். சட்டையெல்லாம் வேர்வைல நனஞ்சிருந்துச்சு. ரெண்டு சோடா குடிச்சு, நெஞ்ச நீவி விட்டு, விடியட்டும் பாத்துக்கலாம்னு இருந்தோம். விடியறதுக்குள்ள போயிட்டார், மாரடைப்பு. நெஞ்சுல அழுத்தம், வேர்வ, மூச்சு வாங்கறது, கைக்கோ தாடைக்கோ பரவற வலி, இதுல எது இருந்தாலும் கேஸான்னு வீட்ல உக்காந்து யோசிக்காதீங்க, 108க்கு போன் பண்ணுங்க, ஈசிஜி எடுத்து ஒண்ணும் இல்லன்னு வந்தா நல்லது.

எங்க கம்பெனி கட்டிங் மாஸ்டர் அண்ணன் பாக்கெட்ல எப்பவும் ஜெலுசில் அட்ட இருக்கும். போன வாரம் டீ பிரேக்ல, "ஏங்ண்ணா, முழுங்கறப்ப அடைக்குதுங்களா"ன்னு கேட்டேன். வடைய டீல நனச்சு சாப்பிட்டுட்டு இருந்தவர் ஒரு நிமிசம் பேசாம இருந்துட்டு, "தண்ணி குடிச்சா எறங்கிருது அம்மிணி"ன்னாரு. நானே டாக்டர் ரூமுக்கு போன் பண்ணி டோக்கன் போட்டுட்டேன். திங்கக்கெழம ரெண்டு பேரும் அரை நாள் லீவு.