அப்பா என்று கூப்பிட ஒன்பது வருடம் ஆனது

பைபிளில் மொத்தம் 1189 அதிகாரங்கள். தினமும் மூன்று நான்கு அதிகாரம் வாசித்தால் ஒரு வருடத்தில் முடித்துவிடலாம். நான் அப்படி ஐந்து தடவை முடித்திருக்கிறேன். கணக்கு எப்படித் தெரியும் என்றால், நோட்டு வைத்திருந்தேன். வேதவாசிப்பு, காலை ஜெபம், இரவு ஜெபம், வாரம் ஒரு உபவாசம் என்று நான்கு கட்டம். செய்திருந்தால் நீல மையில் டிக். விட்டிருந்தால் சிவப்பு மையில் பெருக்கல் குறி. சிவப்பு விழுந்தால் மறுநாள் இரண்டு மடங்கு ஜெபித்து ஈடுகட்ட வேண்டும். இந்தச் சட்டத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே போட்டுக்கொண்டதுதான். காய்ச்சலில் படுத்திருந்த நாட்களுக்குக்கூட ஈடுகட்டியிருக்கிறேன்.

பார்த்தவர்கள் இதைப் பக்தி என்றார்கள். எனக்கும் அப்படிக் கேட்கப் பிடித்திருந்தது. ஆனால் இரவு விளக்கை அணைத்த பிறகு பக்தி எதுவும் மிஞ்சாது. பயம் மட்டும்தான் இருக்கும்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தவறு, கூட வேலை பார்த்தவர் தலையில் விழுந்தது. மேலதிகாரி விசாரித்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று. கொஞ்ச நாளில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அடுத்த வாரமே நோட்டு வாங்கினேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது எனக்கே ஒன்பது வருடம் கழித்துத்தான் உறைத்தது.

உறைக்க வைத்தவர் சபையில் ஒரு அக்கா. பிரசங்கம் பண்ணுகிறவர் இல்லை, அதிகம் பேசுகிறவரும் இல்லை. ஒருநாள் ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, "ஏன் எப்பவும் பரீட்சை எழுதப் போகிற மாதிரியே இருக்கிறாய்?" என்று கேட்டார். என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாயா?"

"தினமும் கேட்கிறேன் அக்கா."

"முதல் தடவை கேட்டது அவர் காதில் விழவில்லையா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் நாற்காலியை அடுக்கில் வைத்துவிட்டு, "கலாத்தியர் நிருபத்தை ஒரே மூச்சில் வாசி. நோட்டில் டிக் போடாதே" என்று மட்டும் சொன்னார்.

பவுல் கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு எழுதிய கடிதம் அது. ஆறே அதிகாரம், 149 வசனம். அரை மணி நேரம் போதும். ஐந்து தடவை ஏற்கெனவே வாசித்ததுதான், ஆனால் நாளுக்கு மூன்று அதிகாரம் என்று துண்டு போட்டு வாசித்ததால் பவுல் எவ்வளவு கோபமாக எழுதுகிறார் என்பதே என் காதில் விழுந்ததில்லை. கிறிஸ்துவை விசுவாசித்த புறஜாதியாரிடம், அதாவது யூதரல்லாதவர்களிடம், சிலர் வந்து, விசுவாசம் மட்டும் போதாது, யூதச் சட்டப்படி விருத்தசேதனமும் பண்ணிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். மற்ற நிருபங்களில் வாழ்த்துக்குப் பிறகு வழக்கமாக நன்றி சொல்லித் தொடங்குகிற மனிதர், இதில் நன்றி சொல்லாமல் நேராகச் சண்டைக்கே வருகிறார். "ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?" என்கிறார். எனக்கு நோட்டு ஞாபகம் வந்தது. என் விருத்தசேதனம் அதுதான். சிலுவையில் அவர் செலுத்தி முடித்ததற்கு நான் மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்தேன்.

நான்காம் அதிகாரத்தில் "அப்பா, பிதாவே" என்று வருகிற இடத்தில் நின்றுவிட்டேன். அது தமிழ் அப்பா இல்லை, இயேசு பேசிய அரமேயு மொழியின் 'அப்பா'. கிரேக்கத்தில் எழுதியவர்களும் அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் மூன்றே இடத்தில் வருகிறது: கைதாகும் முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு செய்த ஜெபத்தில், ரோமர் 8-இல், இங்கே. இரண்டு மொழிகளில் ஒரே ஒலி அமைந்தது தற்செயல்தான். இதை வைத்து ஆராய்ச்சி பண்ணுகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் தமிழில் வாசிக்கிறவருக்கு மற்ற பலருக்குக் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது. பல மொழிக்காரருக்கு விளக்கக் குறிப்பு தேவைப்படும் சொல், நாம் பேசத் தொடங்கிய நாளிலேயே வாயில் வந்த சொல்.

அதைத்தான் நான் ஒருமுறைகூட ஜெபத்தில் சொன்னதில்லை. "மகா பரிசுத்தமும் உன்னதமுமான தேவனே" என்று தொடங்கி, வேறு யாரிடமும் பேசாத ஒரு தமிழில், நீர், உமக்கு, உம்முடைய என்று விண்ணப்பம் வாசிப்பதுபோல் வாசிப்பேன். அந்த மரியாதையில் தப்பில்லை, இன்றும் அப்படித்தான் ஜெபிக்கிறேன். ஆனால் அன்று இரவு கட்டிலில் உட்கார்ந்து "அப்பா" என்று சொல்லிப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. அடுத்த வார்த்தை வரவில்லை. அதோடு படுத்துவிட்டேன். இரவு ஜெபக் கட்டம் காலியாகவே இருந்தது.

இனி எல்லாம் சுகம் என்று எழுத ஆசைதான். இரண்டே வாரத்தில் பழைய பயம் திரும்பி வந்தது, கூடவே புதிதாக ஒன்றும்: ஒருவேளை நான் உண்மையாக விசுவாசிக்கவில்லையோ? அப்போது கைகொடுத்தது, இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதை. குருவாகப் பட்டம் பெற்று, கடல் கடந்து மிஷனரியாகவும் போய்த் திரும்பிய பிறகுதான், 1738 மே 24 மாலை, லண்டனில் மனமில்லாமல் போன ஒரு கூட்டத்தில் தன் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நிச்சயம் அவருக்குக் கிடைத்தது. ரோமர் நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்க, உள்ளம் விநோதமாய்க் கதகதப்பானதாக அவர் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இதை எல்லா மேடையிலும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது, அடுத்த ஜனவரியிலேயே அவர் 'நான் இப்போதும் கிறிஸ்தவன் இல்லை' என்று எழுதியதை. எனக்கு அந்த இரண்டாவது குறிப்புதான் உதவியது. உணர்ச்சி ஏறும், இறங்கும். என் விசுவாசம் எவ்வளவு கெட்டி என்று தட்டிப் பார்ப்பதும் இன்னொரு நோட்டு போடுகிற வேலைதான் என்று புரிந்தது.

ஒரு வேலை பாக்கி இருந்தது. ஒன்பது வருடமாக ஆண்டவரிடம் தினமும் கேட்டேனே தவிர, கேட்க வேண்டிய மனிதரிடம் ஒருமுறையும் கேட்கவில்லை. ஆண்டவரிடம் கேட்பது எளிது, அவர் போனை வைத்துவிட மாட்டார். அக்காவிடம் சொன்னபோது, "அவர் மன்னிக்காவிட்டால் என்ன செய்வாய்?" என்றார். தெரியவில்லை என்றேன். "சரி, அப்படியே போய்க் கேள்" என்றார்.

எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். என் தவறு என்று வெளிப்படையாகச் சொன்னேன், சூழ்நிலையைக் காரணம் காட்டவில்லை. அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்பவே தெரியும். இப்ப எதுக்குச் சொல்றீங்க?" என்றார். எழுத்தில் கொடுக்கச் சொன்னால் கொடுக்கிறேன் என்றேன். "வேண்டாம்" என்று வைத்துவிட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

அன்று இரவு தூக்கம் வராது என்றுதான் நினைத்தேன். வந்தது. மனது கனமாகத்தான் இருந்தது, அவருக்கு நான் செய்தது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதைச் சுமந்துகொண்டே ஒருவரிடம் போய்ப் படுத்துக்கொள்ள முடிந்தது. முன்பு அதை இறக்கிவைத்தால்தான் உள்ளே விடுவார் என்று வாசலிலேயே நின்றிருந்தேன்.

விடுதலை கிடைத்தால் சோம்பல் வந்துவிடும் என்று எச்சரிக்கிறவர்கள் உண்டு. பவுலும் கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தில், விடுதலையைத் தப்பாகப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லத்தான் செய்கிறார். என் விஷயத்தில் வாசிப்பு குறைந்தது உண்மை, மறைக்கவில்லை. இந்த வருடம் 1189-ஐ முடிக்க மாட்டேன். சங்கீதத்திலேயே இரண்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் ஒருநாள் எழுந்திருக்கவே நேரமாகிவிட்டது. ஓடிப்போய்ப் பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்த பிறகுதான் காலை ஜெபம் பண்ணவில்லை என்று ஞாபகம் வந்தது. வழக்கமாக அடிவயிற்றில் ஒரு பிடி பிடிக்கும். அதற்காகக் கொஞ்சம் காத்திருந்தேன்கூட. வரவில்லை. "அப்பா, பஸ்ஸில் நிற்கிறேன்" என்றேன். பக்கத்தில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.