அம்மாவின் முட்டியை வைத்துப் போட்ட ஐரோப்பாத் திட்டம்

என் அலுவலகத்தில் சேர்ந்தாற்போல ஒன்றரை வாரத்துக்கு மேல் லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. இரண்டு சனி ஞாயிறையும் உள்ளே இழுத்துக்கொண்டால் அதுதான் மொத்தக் கையிருப்பு. மனைவிக்கும் எனக்கும் ஐரோப்பா முதல் தடவை. கூடவே அம்மா. வயது எழுபதைத் தொடுகிறது, சுத்த சைவம், இரண்டு முட்டியிலும் தேய்மானம்.

முதலில் தி.நகரில் ஒரு டூர் ஆபீஸில் விசாரித்தோம். பத்து நாளில் ஏழு நாடு என்றார்கள், மூன்று வேளையும் இந்தியச் சாப்பாடு. அட்டவணையை வாங்கி வந்து பார்த்தால், பாதி ஊர்களில் ‘போட்டோ ஸ்டாப்’ என்றுதான் இருந்தது. படித்துக் காட்டியதும் அம்மா கேட்டார்: “ஏழு நாட்டுலயும் பஸ்ஸு ஒண்ணுதானேடா?” அதோடு அந்தக் காகிதம் மூலைக்குப் போய்விட்டது. தனியாகப் போவது, மூன்று ஊர் மட்டும், எந்த ஊரிலும் ஒரே இரவு தங்கிவிட்டுப் பெட்டி கட்டுவதில்லை என்று முடிவு செய்தோம்.

பாரிஸ், சுவிட்சர்லாந்தில் லூசெர்ன், ரோம். ஆம்ஸ்டர்டாமையும் வெனிஸையும் எடுத்துவிட்டதில் மனைவிக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகிற நாள், ரயில் எவ்வளவு வேகமாக ஓடினாலும், பாதி நாளைத் தின்றுவிடும். அறையைக் காலி செய்ய வேண்டும், ஸ்டேஷன் போக வேண்டும், இறங்கி அடுத்த ஹோட்டலைத் தேட வேண்டும், மூன்று மணி வரை சாவி தர மாட்டார்கள். கையிலிருந்த நாளுக்கு இப்படி இரண்டு தடவை இடம் மாறுவதே அதிகம்.

ஊர் முடிவான பிறகு வரிசை. பாரிஸில் இறங்கி ரோமில் விமானம் ஏறுவதாக வைத்தால் திரும்பி வரும் பயணம் மிச்சம். டிக்கெட் தளங்களில் ‘மல்டி சிட்டி’ என்று இருக்கும். வளைகுடா வழியாக எங்களுக்குக் கிடைத்த விலை, பாரிஸுக்கே போய்த் திரும்பும் விலையை ஒட்டித்தான் இருந்தது.

திட்டத்தில் மிச்ச எல்லாவற்றையும் தீர்மானித்தது அம்மாவின் முட்டி. பாரிஸ் மெட்ரோ 1900-இல் ஓடத் தொடங்கியது. பழைய ஸ்டேஷன்களில் பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது, படிதான். 1998-இல் திறந்த 14-ஆம் எண் தடம் மட்டும் முழுக்க லிஃப்ட் வசதியோடு இருக்கிறது. அது கார் தெ லியோன் ஸ்டேஷன் வழியாகப் போகிறது; பிரமீத் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் லூவ்ர் அருங்காட்சியகம் கொஞ்ச நடைதான். சுவிட்சர்லாந்து போகும் அதிவேக ரயிலும் அதே கார் தெ லியோனிலிருந்துதான் கிளம்புகிறது. ஆகவே ஈஃபிள் கோபுரம் தெரியும் அறை என்ற ஆசையைக் கைவிட்டு, அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் லிஃப்ட் உள்ள ஹோட்டலாகப் பார்த்துப் போட்டேன். 14 போகாத இடத்துக்கெல்லாம் டவுன் பஸ். மெட்ரோவைவிட மெதுவாகப் போகும், ஆனால் ஜன்னல் வழியே ஊர் தெரியும். அம்மாவுக்குப் பாரிஸில் மிகவும் பிடித்தது அந்த பஸ்தான்.

அடுத்தது கிழமைக் கணக்கு. லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். புதன் காலையில் போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கிறார் என்றால் புனித பேதுரு சதுக்கத்தில் கூட்டம் அம்மும். இதையெல்லாம் நாட்காட்டியில் பென்சிலால் குறித்தபோது எங்கள் பயணம் தானாகவே ஒரு வடிவத்துக்கு வந்தது. சனிக்கிழமை பாரிஸில் இறங்குவது, ஞாயிறு ஓர்சே, திங்கள் லூவ்ர், வாரக் கடைசியில் ரோமுக்குப் போய்த் திங்கள் வத்திக்கான். ஒரு நாள் தள்ளிக் கிளம்பியிருந்தால் மூன்றில் இரண்டு கதவு சாத்தியிருக்கும்.

விசா பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை. மூன்று நாடும் ஷெங்கன், அதாவது ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு; அதனால் ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். எங்களுக்குப் பிரான்ஸ். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடைக்குப் போகிறவர்கள் அதைப் பிடித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் கஷ்டம் கட்டணத்தில் இல்லை, நேரம் குறித்து வாங்குவதில் இருக்கிறது. 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. அதற்கு மேல் சேவைக் கட்டணம். விண்ணப்பம் வாங்கும் மையத்தின் தளத்தில் எப்போது பார்த்தாலும் ‘காலியிடம் இல்லை’. காலையில் காபி குடிக்கும்போது ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை என்று பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு நாள் விடியற்காலையில் மூன்று பேருக்கும் அடுத்தடுத்து இடம் கிடைத்தது.

காகிதங்கள் எல்லாரும் சொல்வதுதான்: வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, அலுவலகத்தின் லீவுக் கடிதம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடு. அம்மாவின் வயதுக்குப் பிரீமியம் எங்களுடையதைவிடப் பல மடங்கு. ஹோட்டல்களை இலவசமாக ரத்து செய்யும் வகையில் போட்டேன். ரயில் டிக்கெட்டில் விசா வரும் வரை கை வைக்கவில்லை. எந்த நாள் எந்த ஊரில் படுக்கிறோம் என்று ஒரே பக்கத்தில் அட்டவணை போட்டு மேலே வைத்திருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் முதலில் புரட்டியதும் அதிகம் பார்த்ததும் அந்தப் பக்கத்தைத்தான்.

நம்மூர்க்காரர்களுக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு. அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடம் காலி. பெயரிடத்தில் அவர் பெயர் மட்டும். விமான டிக்கெட்டிலிருந்து ரோமில் உள்ள பழைய அரங்கமான கொலோசியத்தின் நுழைவுச்சீட்டு வரை எல்லா இடத்திலும் குடும்பப்பெயர் போடாமல் அடுத்த பக்கம் போக விடாது. இதற்குப் பொதுவான விதி இல்லை. ஒரு விமான நிறுவனம் அதே பெயரை இரண்டு தடவை போடச் சொல்லும், இன்னொன்று வேறு மாதிரி சொல்லும். வாங்குவதற்கு முன் நிறுவனத்திடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டேன். கொலோசியம் சீட்டும் பெயருக்குத்தான், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுகிறார்கள்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்த பிறகு டிக்கெட்டுகள். ஈஃபிள் கோபுரத்தில் லிஃப்ட் டிக்கெட் 60 நாளுக்கு முன் திறக்கிறது, கொலோசியம் 30 நாளுக்கு முன். இரண்டையும் திறந்த அன்றைக்கே வாங்கினேன். ஜூனில் பாரிஸில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். நாள் குறைவாக உள்ளவர்களுக்கு அது இனாமாகக் கிடைக்கிற அரை நாள். அதனால் ஈஃபிளுக்கு இரவு எட்டரை மணியைப் பிடித்து, இரண்டாம் தளத்தோடு நிறுத்திக்கொண்டோம். உச்சிக்குப் போனால் ஊர் வரைபடம் மாதிரி ஆகிவிடும். இரண்டாம் தளத்திலிருந்து பார்த்தால் எது சேன் நதி, எது லூவ்ர் என்று அம்மாவாலேயே சொல்ல முடிந்தது.

லூவ்ரில் சக்கர நாற்காலியை இலவசமாகவே தருகிறார்கள். “நான் என்ன ஆஸ்பத்திரிக்கா வந்திருக்கேன்?” என்று அம்மா முறைத்தார். முதல் கூடத்தின் நீளத்தைப் பார்த்ததும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

சுவிஸில் மலைக்கு மட்டும் எதையும் முன்பதிவு செய்யவில்லை, வேண்டுமென்றேதான். மேகம் மூடினால் அவ்வளவு பணமும் வெள்ளைச் சுவரைப் பார்ப்பதற்கு. சுவிஸ் டிராவல் பாஸ் கையில் இருந்தால் ரயில், ஏரிப் படகு, ரிகி மலை ரயில் எல்லாம் அதிலேயே அடங்கும். டிட்லிஸ் பனிமலைக்குப் போகும் கேபிள் காருக்குப் பாதிக் கட்டணம். காலையில் ஹோட்டலிலேயே இரண்டு மலைகளின் நேரலைக் கேமராவையும் போனில் பார்ப்போம். முதல் நாள் டிட்லிஸ் வெறும் வெள்ளை. மேகம் 1798 மீட்டர் உயரமுள்ள ரிகிக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. ரிகி அடிவாரத்து ஏரிக்கரை ஊரான ஃபிட்ஸ்னாவ் வரை படகு, அங்கிருந்து 1871 முதல் ஓடும் பல்சக்கர ரயில். மறுநாள் வானம் தெளிந்துவிட, அம்மா கேட்ட பனிக்கு டிட்லிஸ். டாக்டரிடம் முன்பே கேட்டிருந்தோம், உயரத்தில் அரை மணிதான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். யுங்ஃபிராவ்யோஹ் என்ற இன்னொரு பனிமலை இடம் 3454 மீட்டர், லூசெர்னிலிருந்து போய்வர நாள் முழுக்க ஆகும். அதைப் பேச்சிலேயே எடுக்கவில்லை.

சாப்பாட்டுக்கு நான் பயந்த அளவு ஒன்றும் இல்லை. பாரிஸில் லா ஷப்பல் பக்கம் போனால் கடைப் பலகையே தமிழில் இருக்கும், ஈழத்தமிழர் தெரு. தோசை கொண்டு வைத்த தம்பி “அம்மா, சட்னி உறைக்குமோ தெரியாது, பாத்துச் சாப்பிடுங்கோ” என்றார். அம்மா மறுநாளும் அங்கேதான் போக வேண்டும் என்று அடம்பிடித்து, வெர்சாய் அத்தோடு போயிற்று. எனக்கு அதில் வருத்தமில்லை, தோட்டம் முழுக்க நடக்க வேண்டியிருந்திருக்கும். சுவிஸில் சூப்பர் மார்க்கெட் ரொட்டி, தயிர், பழம். ரோமில் சீஸ் போடாத தக்காளி பாஸ்தாவுக்கு அம்மா மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டார்.

லூசெர்னிலிருந்து மிலானில் ரயில் மாறி ரோம். அந்த மாலையில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ரயில் தாமதமாகத்தான் வந்தது, எங்களுக்கு ஒரு ராத்திரிச் சாப்பாடு தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

எங்களுக்குக் கிடைத்த விசா பயண நாட்களையும் அதற்கு மேல் கொஞ்ச நாளையும் மட்டுமே தாங்கும். அடுத்த தடவை மறுபடி விண்ணப்பம்தான், ஆனால் இந்தத் தடவை விசாவுக்குக் கொடுத்த கைரேகை 59 மாதம் வரை செல்லும். 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு வந்த விதிப்படி, மூன்று வருடத்துக்குள் இரண்டு விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், பாஸ்போர்ட்டில் காலம் இருக்கும் பட்சத்தில், அடுத்து இரண்டு வருடத்துக்குப் பலமுறை போய்வரும் விசா கொடுக்கலாம். மனைவி இப்போதே வெனிஸுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் கிழமைக் கணக்கு போட ஆரம்பித்துவிட்டாள்.