காரைக்குடிப் பக்கம் எலெக்ட்ரீஷியன் படிக்கப் போகிறவர்களுக்கு

எங்கள் பக்கத்தில் பத்தாவது முடித்த பிள்ளைகள் கைக்கு முதலில் வந்து சேருவது மூன்று மாதப் பயிற்சிக்கான நோட்டீஸ்தான். கட்டணம் கிடையாது, தங்க இடம், சாப்பாடு, முடித்ததும் வேலை. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. வீட்டில் உடனே ஒரு சம்பளம் தேவை என்றால் அதுவும் வழிதான். ஆனால் சேருவதற்கு முன் நம் பயிற்சிக்கான பணம் எங்கிருந்து வந்து யாருக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டால், கேட்க வேண்டிய கேள்விகள் தானாக வரும்.

2014 செப்டம்பரில் தொடங்கிய, கிராமத்து இளைஞர்களுக்கான மத்திய அரசுப் பயிற்சித் திட்டமான தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனாவை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கான பயிற்சிச் செலவை அரசு, பயிற்சி நடத்துகிறவருக்குத் தவணை தவணையாகக் கொடுக்கிறது. படித்தவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேருக்கு அவர் வேலை வாங்கித் தர வேண்டும் என்பது விதி. ஆகவே, "போன பேட்சில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எந்த ஊரில், என்ன சம்பளம்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம். சேராத வேலைக்குச் சேர்ந்ததாகக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

இரண்டு வருடம் ஒதுக்க முடிகிறவர்களுக்கு என் ஓட்டு அரசு ஐடிஐக்கு, அதாவது அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்துக்குத்தான். 14 வயது நிறைந்திருந்தால் போதும். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலோ தமிழ்ப் புதல்வன் திட்டத்திலோ மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் படிப்பு என்றாலே வள்ளல் அழகப்பர் நினைவுதான். சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவர் அவர். ஆனால் அரசு ஐடிஐயில் கிடைப்பதை யாரோ தரும் தர்மமாக நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். இது வரிப்பணம், விதியில் இருப்பதை அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம்.

இனி ஐடிஐ பரீட்சைக்கு வருகிறேன். 80 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுதவே முடியாது. திருவிழா, கல்யாணம் என்று லீவு போடுகிறவர்கள் வருடக் கடைசியில் அலைவதை ஒவ்வொரு பேட்சிலும் பார்க்கலாம். எழுத்துத் தேர்வு கணினியில்தான். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். தேர்ச்சிக்கு 33 சதவீதம் போதும். மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் இணையதளத்தில் டிரேடு (தொழிற்பிரிவு) வாரியாக வினா வங்கி இலவசமாகக் கிடைக்கிறது. சென்னை கிண்டியில் உள்ள நிமி நிறுவனம் தமிழிலும் ஐடிஐ பாடப்புத்தகம் போடுகிறது. இரண்டையும் ஒழுங்காகப் பார்த்தவருக்கு எழுத்துத் தேர்வு பெரிய மலை இல்லை.

ஆட்களைக் கவிழ்ப்பது செய்முறைதான். அதற்கு 60 சதவீதம் வேண்டும். எழுத்தில் முன்னணியில் இருந்த சிலர் இங்கே தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் டிரேடில் எல்லோரும் பயப்படுவது ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வயரிங், அதாவது மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் தொடங்கி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் வயரிங். படத்தை மனப்பாடம் செய்து போகிறவர்கள், ஒரு வயர் மாறினாலும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பார்கள். மனப்பாடத்தை விடுங்கள். ஸ்டாரில் இருக்கும்போது 415 வோல்ட் சப்ளையில் மோட்டாரின் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் (கம்பிச் சுருளுக்கும்) சுமார் 240 வோல்ட்தான் போகிறது. லைனில் இழுக்கும் கரண்ட், நேரடியாக டெல்டாவில் தொடங்கினால் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்காகிவிடும். சுழற்று விசையும் அதே அளவுக்குக் குறையும். இது புரிந்துவிட்டால் மூன்று காண்டாக்டரும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சும்) டைமரும் எதற்கு இருக்கின்றன என்று கை தானாகச் சொல்லும். ஸ்டார் காண்டாக்டரும் டெல்டா காண்டாக்டரும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் ஃபேஸுக்கு ஃபேஸ் ஷார்ட் ஆகிவிடும். ஒன்று சேர்ந்திருக்கும்போது மற்றது சேராதபடி தடுக்கும் இன்டர்லாக் போடுவது அதற்காகத்தான். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கேட்கும் கேள்விகளில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

புதுவயல் அரிசி ஆலைகளில் தெரிந்தவர் யாராவது இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மோட்டார் ஸ்டார்ட் ஆவதைப் பக்கத்தில் நின்று கேளுங்கள். ஸ்டாரில் ஒரு சத்தம், சில நொடியில் காண்டாக்டர் டக்கென்று மாறி டெல்டாவில் வேறொரு சத்தம். பாரத்தோடு ஸ்டார்ட் செய்தால் மோட்டார் ஏன் திணறுகிறது என்று மிஷின் ஓட்டுகிற அண்ணனே சொல்லிவிடுவார். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இதைச் சொன்னால் தேர்வாளர் முகம் மாறும்.

இன்னொன்று, சப்ளை கொடுக்கும் முன் மல்டிமீட்டரில் கண்டினியூட்டி (வயர் இணைப்பு அறாமல் இருக்கிறதா என்று) பார்ப்பதைத் தேர்வாளர் கண்ணில் படும்படி செய்யுங்கள். பாதுகாப்புக்கும் கருவி பிடிக்கும் முறைக்கும் மதிப்பெண் உண்டு. எர்த் டெஸ்டர், மெகர் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: முதலாவது எர்த்தின் மின்தடையை அளப்பது, இரண்டாவது வயர் மேல் இருக்கும் காப்பின் (இன்சுலேஷனின்) மின்தடையை அளப்பது. எங்கள் செம்மண் பூமியில் சித்திரை வெயிலில் அளந்தால் எர்த் ரீடிங் ஏன் கூடிக் காட்டுகிறது என்று கேட்டால், ஈரம் இல்லை என்பதுதான் பதில்.

பாஸ் ஆனதும் நேராக வேலைக்கு ஓடாமல் ஒரு வருடம் அப்ரண்டிஸாக, அதாவது ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையோடு தொழில் பழகுபவராகப் போவது நல்லது என்பேன். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும்; நான்கு பேர் முதல் 29 பேர் வரை உள்ள இடங்கள் விருப்பப்பட்டால் எடுக்கலாம். அதனால் சின்ன ஆலை முதலாளியிடமும் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. 2019-இல் திருத்திய விதிப்படி ஐடிஐ முடித்தவருக்கு மாத உதவித்தொகை குறைந்தது 7,000 ரூபாய். தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கிறது. இதை முதலாளியிடம் எடுத்துச் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது. சேரும் நாளில் இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு இல்லாமல் "அப்ரண்டிஸ்" என்று கூப்பிட்டு வேலை வாங்கினால், வருடக் கடைசியில் கையில் சான்றிதழ் இருக்காது. திருச்சி பெல் (BHEL) மாதிரி பெரிய பொதுத்துறை நிறுவனங்களின் அறிவிப்பையும் விடாமல் பார்த்து வாருங்கள்.

அப்ரண்டிஸ் உதவித்தொகையில் அரசு தரும் பங்கு நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அங்கேதான் ஒரு சிக்கல். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், பணம் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். பள்ளியில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்து மறந்துபோன கணக்கு பலருக்கு இருக்கிறது. "பணமே வரவில்லை" என்று அலுவலகத்துக்கு அலைவதற்கு முன், வங்கியில் போய் ஆதார் எந்தக் கணக்கோடு சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள்.

அப்புறம், ஐடிஐ படிக்காமலேயே வருடக்கணக்காக வயரிங் செய்யும் அண்ணன்கள் ஊருக்கு ஊர் உண்டு. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் அடித்த பழைய வயரிங்கைக் கழற்றி, சுவர்ப் பூச்சு கெடாமல் புதிதாக இழுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு மின்கம்பியாள் (வயர்மேன்) உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. 21 வயது நிரம்பி, வயரிங் தொழிலில் ஐந்து வருட அனுபவம் இருக்க வேண்டும். அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம் பற்றி அரசு ஐடிஐயிலேயே விசாரிக்கலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், உங்கள் அட்மிஷனுக்குப் போகும் அன்றே அவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.