காசிமேட்டிலிருந்து ட்ரோன் பைலட் சான்றிதழ் வரை

காசு வாங்கிக்கொண்டு ட்ரோனில் படம் எடுக்க வேண்டுமென்றால் ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பலருக்கு இது இன்னும் தெரியவில்லை. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் கல்யாண மண்டபத்து வாசலில் ட்ரோன் பறப்பது சாதாரணமாகிவிட்டது. ஓட்டுகிற பையனிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று வீட்டுக்காரரும் கேட்பதில்லை, ஸ்டுடியோக்காரரும் கேட்பதில்லை. நான் விஸ்காம் மாணவி. அப்பா காசிமேட்டில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். இந்தச் சான்றிதழை வாங்கிய கதையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வடசென்னையிலிருந்து இதற்குப் போக நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு உதவும்.

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. எடையை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், அதற்கு மேலும் இரண்டு வகை உண்டு. நானோ ஓட்டப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவையும் வணிக நோக்கமில்லாமல் ஓட்டினால் தேவையில்லை. கல்யாணம், விளம்பரம், நில அளவை என்று காசு புரளும் வேலைக்கு மைக்ரோவைத் தூக்கினால் கட்டாயம் வேண்டும். 18 வயது முடிந்திருக்க வேண்டும், 65 தாண்டக்கூடாது, பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். சான்றிதழ் பத்து ஆண்டு செல்லும்.

முன்பு பாஸ்போர்ட் கட்டாயம் என்று இருந்தது. எங்கள் குப்பத்தில் பாஸ்போர்ட் வைத்திருக்கிற வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2023 செப்டம்பரில் விதியைத் திருத்தி, பாஸ்போர்ட் இல்லாதவர்கள் வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் போன்ற அரசு அடையாளத்தைக் கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். என்னைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது அப்போதுதான். ஒரு விஷயம் கவனியுங்கள்: மதிப்பெண் பட்டியலில் இருக்கிற பெயரும் அடையாள அட்டையில் இருக்கிற பெயரும் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. முதலெழுத்து முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதுகூடச் சிக்கல் பண்ணும். எங்கள் வகுப்பில் ஒரு அண்ணன் இதைச் சரிசெய்ய இ-சேவை மையத்துக்கு அலைந்து, ஒரு பேட்ச் தள்ளித்தான் சேர முடிந்தது.

அடுத்தது பயிற்சி நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது. இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனம் மட்டும்தான் ரிமோட் பைலட் சான்றிதழ் தர முடியும். என்னோடு படித்த ஒருவன் ஒரு இடத்தில் பணம் கட்டி, கடைசியில் அவர்கள் லோகோ போட்ட வழவழப்பான காகிதத்தோடு வந்தான். எந்த வேலைக்கும் அது செல்லாது. கட்டிய பணமும் திரும்பவில்லை. ஆகையால் பணம் கட்டுவதற்கு முன்னால் இயக்குநரகத்தின் தளத்தில் இருக்கிற அங்கீகாரப் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, எந்த எடை வகைக்கு அனுமதி இருக்கிறது என்று இரண்டையும் நீங்களே பாருங்கள். அவர்கள் காட்டுகிற ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம்.

ஆளில்லா விமானங்களுக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய கழகம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கிறது. கொரோனா நேரத்தில் கிருமிநாசினி தெளித்த ட்ரோன்களை உருவாக்கிய மாணவர்கள் வளர்ந்ததும் அந்த வளாகத்தில்தான். ஆனால் எங்களுக்கு அது ஊரின் மறுகோடி. நான் சேர்ந்த தனியார் நிறுவனத்தின் பயிற்சி மைதானம் பொன்னேரிப் பக்கம் இருந்ததால், திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் பிடித்தால் போய்விடலாம். கட்டணம் ஐம்பதாயிரத்தை ஒட்டி வந்தது. அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்தார்.

வகுப்பு ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். முதலில் பாடம், அப்புறம் சிமுலேட்டர், கடைசியில் மைதானம். பாடத்தில் விதிகள், வான்வெளி, வானிலை, பேட்டரி, அவசர நிலையில் என்ன செய்வது என்று எல்லாம் வரும். படிக்கிற பழக்கம் இருந்தால் கஷ்டமில்லை. பேட்டரி பாடத்தை மட்டும் அசட்டையாக விடாதீர்கள். ட்ரோனில் இருக்கிற லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் ஒரு செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும். பறக்கப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும். முழுச் சார்ஜோடு சூட்டில் கிடந்தால் உப்பிப்போகும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட எங்கள் வீடுகளில் மே மாதத்துப் பகல் எப்படி இருக்கும் என்று தெரியும். எங்கள் வீட்டில் பேட்டரிக்கென்று தரையோடு ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறோம், பீரோ மேலே வைப்பதே இல்லை. உப்பிய பேட்டரியை ஒருமுறைகூடச் சார்ஜ் போடக்கூடாது.

சிமுலேட்டரில்தான் கை பழகுகிறது. இடது ஸ்டிக்கில் ஏற்றம் இறக்கமும் திரும்புவதும், வலது ஸ்டிக்கில் முன்பின் இடவல நகர்வும். ட்ரோனின் வால் நம் பக்கம் இருக்கும்வரை எல்லாம் சுலபம். மூக்கு நம் பக்கம் திரும்பியவுடன் இடமும் வலமும் மாறிவிடும். வலது பக்கம் தள்ளினால் நம் கண்ணுக்கு அது இடது பக்கம் போகும். மூளை இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சதுரம், வட்டம், எட்டு என்று வரிசையாகப் போட வைப்பார்கள். எட்டு போடும்போது வால், பக்கவாட்டு, மூக்கு எல்லா நிலையும் மாறி மாறி வருவதால் அதில் தெளிந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். அடுத்தது ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு ஓட்டுவது. ஜிபிஎஸ் இருந்தால் ஸ்டிக்கை விட்டவுடன் ட்ரோன் நின்ற இடத்தில் நிற்கும். அது இல்லாதபோது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டே போகும். நாம்தான் பிடித்து நிறுத்த வேண்டும். உண்மையில் பைலட் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி இந்தப் பயிற்சியில்தான் வருகிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் பேட்சில் மீஞ்சூரிலிருந்து மருந்து தெளிக்கிற வேலைக்காக வந்த விவசாயக் குடும்பத்துப் பையன், மின்ட் பக்கத்து ஸ்டுடியோவில் வேலை பார்க்கிற அண்ணன், வியாசர்பாடியிலிருந்து இரண்டு டிப்ளமோ மாணவர்கள் இருந்தார்கள். பெண் நான் ஒருத்தி. ஸ்டுடியோ அண்ணன் சான்றிதழ் இல்லாமலே பல வருஷமாக ஓட்டியவர். ஜிபிஎஸ் இல்லாமல் ஓட்டும்போது அவருக்கும் எங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதை அவரே வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பிடித்தது.

மைதானத்தில் காற்றுதான் வாத்தியார். நாங்கள் சீக்கிரம் போய்விடுவோம். காலையில் கரைக்காற்று மெல்ல இருக்கும். வெயில் ஏறி, நண்பகலையொட்டிக் கடல்காற்று உள்ளே வரும்போது மைதானத்துக் கொடி சட்டென்று திரும்பும். அப்பாவிடம் முந்தைய நாள் இரவே போனில் கேட்டுவிடுவேன். "பதினொரு மணிக்குள்ள முடிச்சிக்கோம்மா, அப்பால காத்து தூக்கும்" என்பார். வானிலைச் செயலியையும் பார்ப்பேன், ஆனால் அப்பா சொன்னதைத்தான் முதலில் எடுத்துக்கொள்வேன். தரையில் அடிக்கிற காற்றைவிட 100 மீட்டர் உயரத்தில் அடிக்கிற காற்று வேகமாக இருக்கும். இதை மறந்து காற்றோடு தூரம் போய்விட்டால் எதிர்க்காற்றில் திரும்பி வரும்போது பேட்டரி இரண்டு மடங்கு தின்னும். அதனால் போகும்போது எதிர்க்காற்றில் போய், வரும்போது காற்றோடு வருவதுதான் நல்லது. படகுக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எழுத்துத் தேர்வும் வாய்மொழிக் கேள்விகளும் பறக்கும் தேர்வும் முடிந்து சான்றிதழ் வந்தது. அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ட்ரோனுக்குத் தனி அடையாள எண் வாங்க வேண்டும். நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது. யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் எண் பதிவாகுமா என்று கேட்டுவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும்.

பறக்க இடம் தேடுவது எங்கள் ஊரில் தனிப் பாடம். டிஜிட்டல் ஸ்கை என்கிற அரசுத் தளத்தின் வரைபடத்தில் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிந்திருக்கும். பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி இல்லாமல் போகலாம். மஞ்சளில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசு விட்டால்தான் உண்டு. மீனம்பாக்கம் விமான நிலையம் எங்களுக்குத் தூரம்தான். ஆனால் கோட்டையில் தொடங்கி, சென்னைத் துறைமுகம், மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரின் காமராஜர் துறைமுகம், அனல்மின் நிலையங்கள், காட்டுப்பள்ளி என்று வரிசையாகப் பாதுகாப்பு இடங்கள் உள்ள ஊர் இது. பறக்கிற அன்று காலை வரைபடத்தைத் திறந்து பார்க்காமல் பெட்டியைத் தூக்கக்கூடாது. வரைபடம் மாறும். முக்கியப் பிரமுகர் வருகிறார் என்றால் மாநகரக் காவல்துறை தனியாகத் தடை அறிவிக்கும். நான் ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் முன்னால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் சான்றிதழ் நகலோடு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். சட்டப்படி தேவையோ இல்லையோ, ரோந்து வண்டி வந்து நிற்கும்போது காட்ட ஒரு காகிதம் கையில் இருப்பது நல்லது.

வரைபடத்தில் இல்லாத ஆபத்துகளும் இருக்கின்றன. மாஞ்சா நூல் முதலாவது. தடை இருந்தும் விடுமுறை நாள் சாயங்காலங்களில் மாடிக்கு மாடி காத்தாடி பறக்கிறது. அந்த நூல் புரொப்பெல்லரில் சிக்கினால் ட்ரோன் கல்லாக விழும், கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காது. அதனால் காத்தாடி ஒன்று கண்ணில் பட்டாலும் பெட்டியை மூடிவிடுகிறேன். அப்புறம் பருந்து. மீன் இறங்குகிற இடமெல்லாம் அவை வட்டமிடும், ட்ரோனை இன்னொரு பறவை என்று விரட்ட வரும். பருந்து பாய்ந்தால் நேராக மேலே ஏற்று, அது செங்குத்தாக அவ்வளவு வேகமாக ஏறாது என்று பயிற்சியில் சொன்னார்கள். அங்கே ஏற்றவே வேண்டாம் என்பது என் முடிவு. மூன்றாவது இரும்பு. கம்பி நிறைந்த மொட்டை மாடி, தண்டவாளம், கன்டெய்னர், இரும்புப் படகு இவற்றின் பக்கத்தில் திசைகாட்டி குழம்பும். ட்ரோன் தன் மூக்கு எந்தப் பக்கம் என்றே தெரியாமல் சுற்றும். திறந்த மண்ணில் வைத்து ஏற்றுவதுதான் சரி.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது மனிதர்கள். எங்கள் தெருக்களில் வீடு சின்னது. அதனால் பாதி வாழ்க்கை மாடியிலும் வாசலிலும் நடக்கிறது. துணி காய்வது, தலை வாருவது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, மத்தியானத் தூக்கம் எல்லாமே வெட்டவெளியில்தான். மேலிருந்து ஒரு கேமரா வந்து நின்றால் அது வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுதான். வெளியிலிருந்து வருகிறவர்கள் எங்கள் பகுதியை மேலிருந்து எடுத்தால் பெரும்பாலும் புகைபோக்கி, சாம்பல், நெருக்கமான கூரை என்று மூன்றோடு போய்விடுகிறார்கள். கூரைக்குக் கீழே இருப்பவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் எடுப்பதற்கு முந்தைய நாளே போய்ப் பேசுகிறேன். எந்த நேரம், எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று சொல்கிறேன். "யக்கா, எங்க மாடி தெரியுமா அதுல?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு ரிமோட் திரையைக் காட்டுகிறேன். வேண்டாம் என்று ஒரு வீடு சொன்னால் அந்தத் திசையில் கேமரா திரும்பாது.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சான்றிதழ் வகுப்பில் அதற்குக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். நம் கரை கிழக்கு பார்த்தது. காலை வெளிச்சம் கடலிலிருந்து வந்து ஊரின் முகத்தில் விழும். கடல் பக்கம் நின்று ஊரை எடுக்கக் காலை, ஊர்ப் பக்கம் நின்று கடலை எடுக்கச் சாயங்காலம். வீடியோவில் நொடிக்கு 25 ஃபிரேம் வைத்தால் ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தால்தான் அசைவு இயல்பாகத் தெரியும். நம் வெயிலுக்கு அது அதிக வெளிச்சம். அதனால் கேமராவுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் மாட்டியே ஆக வேண்டும். ஸ்டிக்கை வேகமாக இழுக்காமல் ஒரே சீராக நகர்த்திப் பழகினால் எடிட்டிங்கில் பாதி வேலை குறையும்.

எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, பொன்னேரிப் பக்கம் ஒரு ஏரியைக் கல்லூரித் திட்டத்துக்காக வரைபடமாக்குவது. வரைபடத்தில் பச்சை, ஊராட்சியும் சம்மதித்தது. இதில் கேமராவை நேராகக் கீழே பார்க்க வைத்து, வயலில் ஏர் ஓட்டுவது போல வரிசை வரிசையாகப் போய் வர வேண்டும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் 80 சதவீதம், பக்கத்து வரிசையோடு 70 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி அமைத்தோம். தண்ணீரின் நடுவில் மென்பொருளுக்குப் பிடிக்க அடையாளமே கிடைக்காது, அங்கே படங்கள் ஒட்டாமல் போகும். அதனால் கரையை அகலமாக எடுத்துக்கொண்டோம். வந்த படத்தில் நீர் வரும் கால்வாய் எங்கே தூர்ந்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. அதை அச்சடித்து ஊர்ப் பெரியவர்களிடம் கொடுத்தோம்.

இப்போது காசிமேட்டில் படகுகள் திரும்பி வருகிற நேரத்தை எடுக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருக்கிறேன். துறைமுகத்துக்குப் பக்கம் என்பதால் பதில் வரத் தாமதமாகும், மறுத்தாலும் மறுக்கலாம். படகுக்காரர்களின் சம்மதக் கடிதத்தையும், பருந்துகள் குறைவாக இருக்கிற நேரத்தைக் குறித்த அட்டவணையையும், பறக்கும் உயரமும் எல்லையும் குறித்த வரைபடத்தையும் சேர்த்து வைக்கிறேன். சான்றிதழ் நகல், அடையாள எண், காப்பீடு மூன்றும் அதே கோப்பில் இருக்கின்றன. அனுமதி கிடைக்கும்வரை கரையில் நின்று சாதாரணக் கேமராவில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.