பிறகு என்ன நடந்தது?

"எனக்கு அண்ணனே இல்லை, மிஸ்."

புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அவள் சொன்னது. ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது, ஆனாலும் ஒவ்வொரு தவணையும் சிறுகதைப் பாடம் தொடங்கும்போது அந்த வசனம்தான் முதலில் வந்து நிற்கிறது.

அவள் முதலில் கொண்டுவந்த கதையில் ஒன்றுமே நடக்காது, அல்லது எனக்கு அப்போது அப்படித்தான் பட்டது. ஒரு சனிக்கிழமை, கனடாவில் ஸ்காபரோ அடுக்குமாடி வீட்டுக் குசினியில் பதினாறு வயதுப் பிள்ளை கதிரையில் இருக்கிறாள், கானாவிலிருந்து வந்த பெரியம்மாவும் சின்னம்மாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று தலை பின்னுகிறார்கள். ஏழு மணித்தியாலம். செயற்கை முடி சேர்த்துப் பின்னி, நுனி அவிழாமலிருக்கக் கொதிதண்ணீரில் தோய்த்தெடுக்கிறார்கள். அந்தத் தண்ணீர் பிள்ளையின் கழுத்தில் பட்டுவிடாமல் சின்னம்மா ஒரு துவாயை மடித்துப் பிடித்திருப்பதை மட்டும் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தாள். தலைக்கு மேலாக அவர்கள் ட்வி மொழியில் கதைக்கிறார்கள். அப்பா ஜமைக்காக்காரர், வீட்டில் ஆங்கிலம்தான், அதனால் அவளுக்கு ஒன்றும் விளங்காது, அமா என்ற தன் பெயர் அடிக்கடி காதில் விழுவதைத் தவிர. கானாவில் அக்கான் மக்கள் சனிக்கிழமை பிறந்த பெண் பிள்ளைக்கு வைக்கிற பெயர் அது, பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் பெரியம்மா ஏதோ சொல்ல எல்லோரும் சிரிக்கிறார்கள், அவளும் சிரிக்கிறாள், கொஞ்சம் பிந்தி. அவ்வளவுதான்.

நான் கேட்டேன்: "நல்லா இருக்கு. ஆனா பிறகு என்ன நடக்குது? பிரச்சினை எங்கே?"

அடுத்த கிழமை கதைக்குள் ஒரு அண்ணன் வந்துவிட்டான். வீட்டுக்கு வரும் வழியில் அவன் காரைப் பொலிஸ் மறிக்கிறது, குசினிக்குத் தொலைபேசி வருகிறது. துவாய் இரண்டு வரியாகச் சுருங்கியிருந்தது. அதிகப் புள்ளி போட்டதும் பள்ளி நிகழ்ச்சியில் வாசிக்க வைத்ததும் நான்தான். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அது முடிந்த பிறகுதான் அண்ணன் இல்லை என்றாள். அப்படியென்றால் ஏன் எழுதினாய் என்று நான் இழுக்க, "பிரச்சினை எங்கே என்று கேட்டீங்கள்தானே" என்றாள்.

கற்பனைக் கதைதானே, இல்லாத அண்ணனை எழுதினால் என்ன? ஊரில் நடக்காததையும் அவள் எழுதவில்லை; வீதியில் சும்மா போகிறவர்களைப் பொலிஸ் மறித்து விபரம் பதியும் கார்டிங்கைக் கட்டுப்படுத்த ஒன்ராறியோவில் 2017இல் ஒரு ஒழுங்குவிதியே கொண்டுவர வேண்டியிருந்தது. சிறுகதைக்கு ஒரு திருப்பம் வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளிடமும்தான் சொல்கிறேன்.

எல்லோரிடமுமா? அதே தவணையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் தாத்தாவோடு ஏரியில் மீன்பிடிக்கப் போனதை எழுதினான். மீன்கூட அகப்படவில்லை. அந்தத் தாளின் ஓரத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: "இந்த அமைதி அருமை, குழப்பிவிடாதே."

2013இல் அமெரிக்காவில் வந்த 3,200 சிறுவர் நூல்களில் 93 மட்டுமே கறுப்பின மக்களைப் பற்றியவை என்று எழுத்தாளர் வால்டர் டீன் மையர்ஸ் 2014இல் நியூயோர்க் ரைம்ஸில் எழுதினார். அந்த எண்ணை ஆசிரியர் கூட்டங்களில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கறுப்பினப் பதின்வயதினர் வரும் சிறுகதைத் தொகுப்புகளை நூலகத்துக்குக் கேட்டு வாங்கியதும் அந்த வேகத்தில்தான். அவருடைய மகன் கிறிஸ்டோபர் மையர்ஸும் அப்போதே எழுதியிருந்தார், வருகிற கொஞ்சப் புத்தகங்களிலும் இந்தப் பிள்ளைகளை அடிமை வரலாற்றுக்குள்ளும் உரிமைப் போராட்டத்துக்குள்ளுமே அடைத்துவைக்கிறார்கள் என்று. அதையும் வாசித்தேன். என் மனதில் நின்றது எண்ணிக்கை மட்டும்தான்.

இங்கே வந்த புதிதில் நான் யாழ்ப்பாணம் என்று சொன்னால் எல்லோரும் ஷெல் விழுந்த கதையைத்தான் எதிர்பார்ப்பார்கள், எங்கள் வீட்டுக் கிணற்றடியை எழுதிக் கொடுத்தால் முகம் வாடிவிடும். அதை அனுபவித்தவள்தான் இதைக் கேட்டேன்.

இதையெல்லாம் சொன்னாலும், இரண்டாவது கதைதான் இறுக்கமானது என்று இப்போதும் நினைக்கிறேன். தொலைபேசி அடிக்கிறது, தலை பாதி பின்னியபடி இருப்பதால் அவளால் எழும்ப முடியவில்லை. அந்த இடம் அசல் எழுத்து, நான் கேட்டிருக்காவிட்டால் அது வந்திராது. மண்டபத்தில் கறுப்பினப் பிள்ளைகள் சிலர் அழுதார்கள், அவர்களுக்கு அது பொய்யாகப் பட்டிருக்காது. அப்படி நினைத்தால் மனம் கொஞ்சம் ஆறுகிறது, பிறகு அந்தத் துவாய் ஞாபகம் வருகிறது.

இப்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்கப் பயமாக இருக்கிறது. போன மாதம் சோமாலி வீட்டுப் பையன் ஒருவன் கொண்டுவந்த கதை உண்மையிலேயே எங்கும் போகவில்லை, நான் ஒன்றும் சொல்லாமல் "நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு நான் செய்ய வேண்டிய வேலை அதுவா?

அவள் பள்ளி முடித்துப் போகுமுன் கூப்பிட்டு, முதல் கதையைப் பள்ளி மலரில் போடலாமா என்று கேட்டேன்.

"அதில ஒண்டும் நடக்கேல்லையே, மிஸ்" என்றாள்.