17 சதவீத ஈரப்பதம்: குறுவை நெல்லை அரசு விலைக்குப் போட்ட அனுபவம்

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை, குவிண்டாலுக்கு சாதாரண ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய். தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு ஊக்கத்தொகை சேர்த்து 2,500, 2,545 என்று ஆக்கியது. திருவாரூர் பக்கம் நாங்கள் நட்டிருந்தது கோ 51. சன்ன ரகம் என்பதால் 40 கிலோ மூட்டைக்கு 1,018 ரூபாய் வர வேண்டும்.

பட்டா இன்னும் மாமனார் பேரில்தான் இருக்கிறது. சாகுபடி செய்வது நான். அதனால் கதிர் பழுக்கும் முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் போய் பசலி 1435-க்கான, அதாவது 2025-26 வருவாய் ஆண்டுக்கான, அடங்கலைக் கேட்டேன். எந்தச் சர்வே எண்ணில், யார், என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று அதில் இருக்க வேண்டும். சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல் எல்லாம் சேர்த்துக் கொள்முதல் நிலையத்தில் பதிந்தாயிற்று. அந்த வேலை லேசாகவே முடிந்தது.

பாடாய்ப் படுத்தியது ஈரப்பதம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடை வந்து, நாற்று விட்டு நட்டால் குறுவை அறுப்பு செப்டம்பர் கடைசி, அக்டோபர் என்று போய் நிற்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வரும். அறுவடை மெஷினிலிருந்து கொட்டும் நெல் பச்சையாக இருக்கும். விதியோ 17 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கிறது. அக்டோபர் வானத்தை வைத்துக்கொண்டு அதை எப்படிக் காய வைப்பது?

நிலையத்து வாசலில் குவியல் குவியலாக நெல் கிடந்தது. சாக்கு வரவில்லை, ஏற்றிய மூட்டையை எடுக்க லாரி வரவில்லை என்று நாள் தள்ளிப் போனது. வெயில் தலைகாட்டினால் படுதாவை விலக்கிக் காலால் சால் பிடித்துக் கிளறுவோம். தூறல் விழுந்தால் ஓடிப்போய் மூடுவோம். மூடியே வைத்திருந்தாலும் நெல் புழுங்கிச் சூடேறும். ஒரு காலை படுதாவைத் தூக்கிக் கையை உள்ளே விட்டேன், அடுப்படி மாதிரி அனல் அடித்தது. அடிப்பக்கத்து நெல்லில் ஊசிமுனையாய் வெள்ளை முளை. மூன்று மாதம் களை பறித்து உரம் போட்டு வளர்த்த நெல் அது. அன்று வயிறு எரிந்தது.

வியாபாரி ஒருவர் வந்து 60 கிலோ மூட்டைக்கு 1,100 தருகிறேன் என்றார். அரசு விலைக்கு அதே எடை 1,527 ஆகிறது. பக்கத்துக் குவியல்காரர் மகள் கல்யாணச் செலவை நினைத்துக் கொடுத்துவிட்டார். அவரை எப்படிக் குறை சொல்வது? “பொறு அக்கா, நாளைக்கு வெயில் வரும்” என்று சுமைதூக்கும் தம்பி ஒருவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் நின்றேன்.

வெயில் வந்தது. முளைத்த அடிநெல்லைத் தனியே ஒதுக்கி, மிச்சத்தைச் சாலை ஓரத்தில் பரப்பிக் காய வைத்தோம். மீட்டரில் போட்டுப் பார்த்தபோது 16.8. அப்புறம் தூற்றும் மெஷினில் பதரும் கருக்காயும் போய், சாக்கில் பிடித்து, எடை போட்டு, ரசீது கைக்கு வந்தது. ரசீதில் மூட்டை எண்ணிக்கை, ரகம், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். பணம் நேராகக் கணக்கில்தான் ஏறும். எனக்கு அந்த வாரத்துக்குள்ளேயே ஏறியது, கூட்டுறவுக் கடனைக் கட்டினேன்.

விலையைக் கூட்டியது நல்ல காரியம், மனசார வரவேற்கிறேன். ஆனால் காய வைக்க வழியில்லாதவருக்கு அந்த விலை எட்டாது. டெல்டாவில் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு உலர்த்தும் இயந்திரமும் கூரை போட்ட களமும் வேண்டும். அடுத்த குறுவை அறுப்புக்கு முன்பே வேண்டும். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் ஊரில் நெல் போட்டவர்கள் பலரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.